போர்டின் கடைசி வரி

ஈரம் காயாத கரும்பலகையில் எழுதினால், எழுதும்போது பாதிதான் தெரியும். வெயில் ஏறிப் பலகை காய்ந்த பிறகு எழுத்து பளீரென்று வெளியே வரும். அதற்குள் எழுதியவன் அந்த இடத்தை விட்டுப் போய்விடலாம்.

இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஹைதராபாத் ஓரம் பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் கேட்டில் பல வருஷம் தினமும் போர்டு எழுதியதில் கையே கண்டுபிடித்துக்கொண்டது.

அன்று கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆலையை ஆரம்பித்த பெரியவரின் படத்துக்குச் செவ்வந்தி மாலை. காற்றில் எப்போதும் உள்ள, மருந்து கரைக்கிற சால்வென்டின் நெடி, அழுகிய பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி. அன்றைக்கு மட்டும் அதன்மேல் நெய் வாசம் ஏறியிருந்தது. நான் கடைசி வரியை எழுதி முடித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

கான்டீன் பக்கமிருந்து ஜெபமணி வந்தாள். இடுப்பில் லட்டுத் தாம்பாளம்.

"எழுதியாச்சா, அண்ணாச்சி?"

"எழுதியாச்சும்மா. காயணும்."

"சரி. நிக்கேன்."

நின்றாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தெளிந்து வந்தது. முதலில் பெரியவர் பிறந்தது. அப்புறம் எங்கோ ஒரு நாடு விடுதலை பெற்றது. அப்புறம் யாரோ எதையோ கண்டுபிடித்தது. அப்புறம் மூன்று மொழியில் வாழ்த்து. கடைசி வரி தமிழில் இருந்தது. அது வெளியே வந்ததும் உதடு அசையாமல் ஒரு தடவை வாசித்தாள். தாம்பாளத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள், விருந்தாளிகளுக்கு லட்டுக் கொடுக்க.

அந்தக் கடைசி வரியில் இருந்தது அவள் புருஷன் பெயர்.

யார் பிறந்தார், யார் போனார்

போன வாரம் இந்தப் பத்தியில் ஷேர் ஆட்டோக்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அல்வாலிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். "மனுஷங்க பேசினதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு மட்டும்தான் அம்மா ஞாபகம் இருக்கிறது. நடந்ததெல்லாம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். மீதிப் படிப்பெல்லாம் கோவில்பட்டியில் ஒரு பலசரக்குக் கடையில், பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பரில். துவரம்பருப்புக்கு மடித்த தாளில் பிரெஞ்சுப் புரட்சி இருக்கும். அதன் முடிவு கடுகுப் பொட்டலத்தில் போயிருக்கும். இப்படி எல்லாவற்றையும் பாதி பாதியாகத் தெரிந்துகொண்டவன், பிழைக்க ஹைதராபாத் வந்து, மருந்து ஆலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை, யார் தாமதம் என்று குறிக்கிற வேலை.

மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் முதலாளி அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து திரும்பி, அப்பாவின் ஆலையைக் கையில் எடுத்திருந்தார். அங்கே பார்த்த கம்பெனிகளைப் போல இங்கேயும் கேட்டில் ஏதாவது இருக்க வேண்டும் என்றார். 'இந்த நாளில்' என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டு ஒரு பெரிய கரும்பலகை வந்தது. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் சாக்பீஸ் என்னிடம் வந்தது.

ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார்கள். நின்று கேட்கிறவர் ஒருவர்தான். கேட் காவலாளி காஜா பாய்.

"க்யா பாய், ஆஜ் கோன் பைதா ஹுவா, கோன் குஜர்கயா?"

இன்றைக்கு யார் பிறந்தார், யார் போனார். ஒரு நாள் விடாமல் இதே கேள்வி. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லுவேன். கேட்டுவிட்டு "ஹவ்", ஆமாம், என்று தலையாட்டுவார், ஏதோ அவருடைய சொந்தக்காரர் சமாச்சாரம் வந்த மாதிரி.

எழுத எழுத எனக்கு ஒன்று பிடிபட்டது. தேதிக்கு மனசே கிடையாது. இங்கே வெள்ளையனே வெளியேறு என்று ஊர் ஊராக ஜனம் கிளம்பிய அதே தேதியில், சில வருஷம் கழித்து, நாகசாகியில் குண்டு விழுந்தது. தேசப்பிதா பிறந்த தேதியில்தான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்ட தலைவர் கண்ணை மூடினார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் அந்த நாளில் எதற்குச் சிரிப்பது எதற்கு அழுவது என்று தெரியாமல் இருப்பார்கள்.

ஈரோட்டுத் தாடிக்காரர் பிறந்த தேதியும் நிஜாம் ராஜ்ஜியம் இந்தியாவோடு சேர்ந்த தேதியும் ஒன்று. அதை எழுதிய அன்று காஜா பாய் வழக்கம்போலக் கேட்டார். சொன்னேன். "ஹவ்" வரவில்லை.

"யே தாரீக் ஹமாரே கர் மே நக்கோ, பாய்" என்றார் மெதுவாக. இந்தத் தேதி எங்கள் வீட்டில் வேண்டாம்.

அவருடைய பெரியப்பா அந்தக் கலவர நாட்களில் வீட்டை விட்டுப் போனவர், திரும்பவில்லையாம். "ஊர்ல கொடி ஏத்தறாங்க. ஏத்தட்டும். எங்கம்மா மட்டும் அன்னிக்குக் கதவை மூடி வெச்சுக்குவா." இதை அவர் தக்கணி உருதுவில் சொன்னார், என் காதில் தமிழாக நிற்கிறது. அழிக்கட்டுமா என்று கேட்டேன். "நக்கோ, நக்கோ. நடந்தது நடந்ததுதானே" என்றார்.

ஒரு தேதி, இரண்டு வீடு. அன்றைக்கு நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். மீதியை ஜெபமணி வீட்டில் புரிந்துகொண்டேன்.

யாரும் சாகாத போர்டு

ஞானராஜ் நாசரேத்துப் பக்கத்து ஆள். ஆலையில் ஆபரேட்டர். கேட்டில் நுழையும்போதே "அண்ணாச்சி, என்னை லேட்டுன்னு போட்டுராதீய, ஆட்டோக்காரன் வண்டிய ஓட்டல, தள்ளிக்கிட்டு வந்தான்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருவார். எங்கள் பக்கத்துப் பேச்சுக் காதில் விழுந்தால் எனக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும்.

அவர் இறந்தது பெரியவரின் பிறந்தநாள் அன்று. எந்தத் தேதி என்று நான் இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டிலும் அன்றைக்கு யாராவது பிறந்திருக்கலாம்.

நைட் ஷிப்டு முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். சால்வென்ட் டேங்க் ஒன்றைக் கழுவ வேண்டும். உள்ளே இறங்கினார். உள்ளே தங்கியிருந்த வாயு அவரை மேலே வர விடவில்லை. முகமூடி போடாமல் இறங்கியது அவர் தவறு என்று பிறகு எழுதினார்கள். முகமூடி எங்கே இருந்தது, யாரிடம் சாவி இருந்தது என்று எழுதவில்லை.

கம்பெனி அவர் மனைவிக்குக் கான்டீனில் வேலை கொடுத்தது. மகள் ஷைனிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஆலைக்குப் பின்னால் இருந்த கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. எல்லாரும் முதலாளியைப் புகழ்ந்தார்கள். நானும்தான்.

அதோடு போர்டுக்கும் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் சாவு எழுத வேண்டாம். பிறப்பு, வெற்றி, கண்டுபிடிப்பு மட்டும் போதும். காலையில் உள்ளே வருகிறவர்கள் பாசிட்டிவாக வர வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் போர்டில் யாரும் சாகவில்லை. மத்தியானச் சோறு போட்ட தலைவர் உட்பட. காஜா பாய் மட்டும் கேள்வியின் பின்பாதியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "கோன் குஜர்கயா?" "கோயி நை பாய்", யாரும் இல்லை என்பேன். "அச்சா கம்பெனி", நல்ல கம்பெனி என்பார். அவர் சொன்னது கேலியா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆகாசத்தில் ஒரு திதி

மறு வருஷம் அந்த நாள் நெருங்கியபோது ஜெபமணி லீவு கேட்டாள். கல்லறைக்குப் போக வேண்டும், சாயங்காலம் பாஸ்டரை வைத்து நினைவுநாள் ஜெபம் நடத்த வேண்டும். லீவு விண்ணப்பம் என் மேஜை வழியாகத்தான் போகும் என்பதால் பர்சனல் ஆபீசர் சுந்தரேசனின் அறைக்கு நானும் போனேன்.

சுந்தரேசனைச் சொல்ல வேண்டும். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "ழ எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லேய்யா" என்று சிரிப்பார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஏம்மா, அன்னிக்கே பாத்து லீவு கேக்கறே? ஃபவுண்டர்ஸ் டே. கான்டீன்ல ஒரு கை குறைஞ்சாலும் முடியாதே."

"அன்னைக்குத்தான சார் அவிய போனது."

"தெரியும்மா. எனக்கும் மனசு கேக்கலே. ஆனா யாரு தேதியப் பாத்துப் பண்றா? திதிதானே முக்கியம்? திதி அன்னிக்கு வராது. இரு, பாத்துச் சொல்றேன்." மேஜையைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"சார், நாங்க திதி பாக்கறதில்ல."

"நீ பாக்க வேண்டாம். நான் பாத்துத் தரேன்."

"நாங்க கிறிஸ்தவங்க சார். எங்களுக்குத் தேதிதான்."

சுந்தரேசனின் விரல் பஞ்சாங்கத்தின் மேல் நின்றது. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்: "கிறிஸ்தவான்னா என்னம்மா? அவர் போன அன்னிக்கு ஆகாசத்துல ஒரு திதி இருந்திருக்குமோல்லியோ? அது எல்லாருக்கும் பொதுதானே."

கணக்குப் போட்டு, தேதி வந்தவுடன் அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். "ஹவ்? இப்ப சந்தோஷமா?"

ஜெபமணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தத் திதி நாள் கழிந்து அவள் வேலைக்கு வந்தபோது கேட்டேன். "நேத்து என்னம்மா செஞ்ச?"

"துணி தொவச்சேன். பொறவு அரிசியில கல்லு பொறுக்கினேன். பொறவு என்ன செய்யன்னு தெரியல அண்ணாச்சி, சும்மா இருந்தேன்." பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். "அந்த சாருக்கு நல்ல மனசுதான். நான் எப்ப அழணும்னு அவிய முடிவு பண்ணிட்டாவ."

உண்மையான தேதியில் அவள் பெரியவர் படத்துக்குக் கீழே நின்று லட்டுக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டவர்கள் சிலர் அவளுக்கும் "ஹேப்பி ஃபவுண்டர்ஸ் டே" சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வருஷமும் சுந்தரேசன் அவராகவே பஞ்சாங்கம் பார்த்து, கேட்காமலே லீவு போட்டுக் கொடுத்தார்.

நோட்டபிள்

ஒரு நாள் மத்தியானம், ஜெபமணி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் எனக்கு ஒரு டம்ளர் மோர்.

"அண்ணாச்சி, லீவு தர மாட்டாவ. அது சரி. அந்தப் பலகையில கீழ ஒரு வரி போடுவியளா?"

"என்ன வரி?"

"ஷைனி அப்பா அன்னைக்குப் போனாவன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். நான் என்ன, செல வைக்கவா கேக்கேன்?"

சாவு எழுதக் கூடாது என்ற உத்தரவைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னதை நான் பல தடவை எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். அவள் சொன்ன தொனி மட்டும் எழுத்தில் வரவே இல்லை. ஏதோ ரேஷன் கடைச் சமாச்சாரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அன்னைக்கு விழா இல்லன்னு ஆயிட்டு. லட்டு எல்லாம் புடிச்சு வச்சாச்சு, என்ன செய்ய? ஆளுக்கொரு டப்பான்னு வீட்டுக்குக் குடுத்து விட்டாவ. அவிய பங்கும் வந்துச்சு. நான் வாங்கி அலமாரியில வச்சேன், வந்தா திம்பாவன்னு. டப்பா முதல்ல வந்துச்சு அண்ணாச்சி. அவிய பொறவுதான் வந்தாவ."

மோர் என் கையில் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரியெல்லாம் ஒன்றுதான் மனசில் ஓடியது. அந்த டேங்கை அன்றைக்குக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. விருந்தாளிகள் அந்த வழியாக நடந்து வருவார்கள், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றுதான் ஷிப்டு முடிந்த ஆளைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். இத்தனை காலம் ஒரே தேதியில் இரண்டு சம்பவத்தைக் கண்டால் தற்செயல் என்று ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே தற்செயல் ஒன்றும் இல்லை. ஒன்றுக்காகத்தான் மற்றது நடந்தது. அவர் பிறந்ததற்காக இவர் செத்தார்.

அந்த வருஷம் விழா அன்று, ஞானராஜ் போனதைக் கடைசி வரியாக ஆங்கிலத்தில் எழுதினேன். வெயில் வருவதற்குள் ஈரத்துணி வந்துவிட்டது. சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"யோவ், போர்டுல எழுதறது நோட்டபிளா இருக்கணும்யா. உலகத்துக்கே தெரிஞ்சதா இருக்கணும்."

"அன்னிக்கு ஆம்புலன்ஸ் வந்தது பட்டான்செருவுக்கே தெரியும் சார்."

"அதுக்குத்தான் சொல்றேன், திரும்பத் திரும்பக் கிளறாதே. அந்தம்மா பொழைக்க வேண்டாமா?"

எல்லா மொழியிலும் வாழ்த்து

அவர்களே வழி திறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை. இங்கே எல்லா மாநிலத்தாரும் வேலை செய்கிறார்கள், பெரியவருக்கு எல்லா மொழியிலும் ஒரு வாழ்த்து வரி போர்டில் இருக்க வேண்டும். தெலுங்கு, இந்தி, ஒடியா, தமிழ். சுந்தரேசன் என்னிடம் வந்து, "தமிழ்ல நீயே ஏதாவது அழகா போட்டுடுய்யா" என்றார்.

தெலுங்கு வாழ்த்து எழுதினேன். இந்தி எழுதினேன். ஒடியாவுக்கு ஒரு ஹெல்பரை எழுதவைத்தேன். கடைசி வரிக்கு வந்தபோது பலகையை இன்னொரு தடவை ஈரத்துணியால் துடைத்தேன். எழுதினேன்:

'இந்நாளில், இந்த ஆலையின் டேங்கைக் கழுவ இறங்கிய ஞானராஜ் மேலே வரவில்லை. மனைவி ஜெபமணியும் மகள் ஷைனியும் மறக்கவில்லை.'

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆலையில் சிலர்தான். அவர்கள் வந்தார்கள், வாசித்தார்கள். ஒருவர் அதன் முன்னால் நின்று ஷூ லேஸை ரொம்ப நேரம் கட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு "சால பாகுந்தி" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். குடும்பத்தோடு போர்டு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுந்தரேசனும் ஓரத்தில் நின்றார்.

அந்தப் படம் கம்பெனி பத்திரிகையில் வந்தது. ஜெபமணி அதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டினாள். ஷைனி தெலுங்கு மீடியம். தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் தெலுங்குதான் வரும். "ஏம் ராசாரம்மா?" என்று அந்தக் கடைசி வரியைக் காட்டிக் கேட்டாளாம். என்னம்மா எழுதியிருக்கிறார்கள் என்று. ஜெபமணி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை தன் அப்பா பெயர்.

முதலாளிக்குப் பிடித்துப்போனதால் அது வருஷா வருஷம் எழுத வேண்டிய வரி ஆகிவிட்டது. லட்டோடு, மாலையோடு, உத்தரவோடு. அந்தச் சில வருஷங்கள் ஜெபமணி லீவு பற்றிப் பேச்செடுக்கவில்லை. காலையில் வந்து, காய்கிறவரை நின்று, வாசித்துவிட்டுப் போவாள்.

மைக்

நான் ஆரம்பத்தில் சொன்ன காலை, கடைசியாக அந்த வரியை எழுதிய காலை.

அந்த வருஷம் ஆலைக் கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற மாதாப்பூரிலிருந்து சில பிள்ளைகள் வந்து தங்கியிருந்தார்கள். அதில் ஒருவன் கோயம்புத்தூர்க்காரன். வாய் நிறையச் சிரிப்பு. கான்டீனில் சாப்பிட்டு எழுந்தால் "சோறு நல்லாருந்துச்சுங்க்கா" என்று ஜெபமணியிடம் சொல்லாமல் போகமாட்டான். போர்டு பக்கம் அவன் அதுவரை வந்ததில்லை. அவர்கள் கார் பின் கேட்டில் வரும்.

விழாவில் முதலாளி, கேட் பக்கத்தில் போட்ட மேடையில் மைக்கைப் பிடித்து விருந்தாளிகளுக்குப் போர்டைக் காட்டினார். ஒவ்வொரு மொழி வாழ்த்தையும் அந்தந்த மொழிக்காரரை விட்டு வாசிக்கச் சொன்னார். தெலுங்கு முடிந்தது, கைதட்டல். இந்தி, கைதட்டல். ஒடியா, கைதட்டல். தமிழுக்கு நான் எழுந்திருப்பதற்குள் அவர் கோயம்புத்தூர்ப் பையனைப் பார்த்துக் கையசைத்துவிட்டார்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து மைக்கை வாங்கினான். நல்ல குரல், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போயிருப்பான் போல. "இந்நாளில், இந்த ஆலையின்" என்று கணீரென்று ஆரம்பித்தான். ஞானராஜ் பெயர் வரைக்கும் சிரிப்பு இருந்தது. ஜெபமணி பெயர் வந்தபோது குரல் இறங்கியது. ஆனாலும் முழுவதும் வாசித்துவிட்டான்.

பின்வரிசையில் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

"வெரி நைஸ். எல்லாருக்கும் இங்கிலீஷில் சொல்லு" என்றார் முதலாளி.

அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தான். "ஏனுங்க, நீங்கதான் எழுதுனீங்களா? இதை அப்படியே சொல்லிடட்டுங்களா?"

வேறு ஏதாவது வாழ்த்து சொல்லிவிடு தம்பி என்று சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். நான் ஜெபமணியைப் பார்த்தேன். பக்கத்திலேயே, படத்துக்குக் கீழே தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். தாம்பாளத்தைப் பக்கத்து மேஜையில் இறக்கி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லச் சொல்லுங்க, அண்ணாச்சி."

அவன் சொன்னான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. முதலாளி போர்டைப் பார்த்தார், சுந்தரேசனைப் பார்த்தார். பிறகு விருந்தாளிகளைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார். கேட்டில் காஜா பாய் யாரிடமும் எதுவும் கேட்காமல் நின்றிருந்தார்.

சுந்தரேசன்தான் என்னைத் தேடி வந்தார். கோபம் இல்லை, முகம் தொங்கிப்போயிருந்தது. "வருஷா வருஷம் அதுக்குப் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்திருக்கேனேய்யா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்ன எழுதியிருக்குன்னு கேக்கவே இல்லையே சார்."

"எனக்குப் படிக்க வராதுன்னு உனக்குத் தெரியும்."

"ஜெபமணிக்குத் திதி கிடையாதுன்னு உங்களுக்கும் தெரியும் சார்."

அவரை அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டோ

யாரையும் யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. எங்கள் ஆலையில் அப்படியெல்லாம் நடக்காது. என்னைப் பாலாநகர் குடோனுக்கு மாற்றினார்கள். கரும்பலகையை இறக்கிவிட்டு ஒரு டிவித் திரையை மாட்டினார்கள். அதில் 'இந்த நாளில்' எல்லாம் தானாகவே ஓடும், யாரும் துடைக்க வேண்டியதில்லை. கான்டீனை ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்தார்கள். அவர் தன் ஆட்களோடு வந்தார். பழைய ஆட்களில் ஒருவரைத் தவிர எல்லாரையும் வைத்துக்கொண்டார். லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் ஜெபமணி ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நானும் கேட்டில் ஒரு வேலையாக வந்திருந்தேன். இரண்டு பேரும் வெளியே ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். திரையில் யாரோ பிறந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றேன்.

"நீங்க என்ன செஞ்சிய? நாந்தானே சொல்லச் சொன்னது." திரும்பி கேட்டைப் பார்த்தாள். "அந்தப் பையன் எந்த ஊரு, அண்ணாச்சி?"

"கோயம்புத்தூர்."

"நல்ல குரலு. மைக்குல அவிய பேரு எவ்வளவு தூரம் கேட்டுச்சு, பாத்தியளா? டேங்கு பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்."

ஆட்டோ வந்தது. முன்சீட்டு ஓரத்தில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அது கிளம்புகிற சத்தத்துக்கு மேலே, வெளியே தலையை நீட்டிச் சொன்னாள்.

"இனிமே அந்தத் தேதி எனக்கு லீவுதான், அண்ணாச்சி."